எந்த ஊரில் ராத்தங்கல்?

(தஞ்சாவூரில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



காவிரிக்கரையில் நம் குடும்பங்கள் பயணம் போன கதையைப் பேசச் சொன்னார்கள். நான் ஆஸ்திரேலியாவில் தொடங்கப் போகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், மாயவரத்துக்கு வந்து சேர்ந்துவிடுவேன்.

என் மகள் அடிலெய்டில் இருக்கிறாள். அங்கே பள்ளிக்கூட விடுமுறைக்கு ஒரு வாரம் இருக்கும்போது போயிருந்தேன். சமையலறையில் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. தண்ணீர் 80 லிட்டர். மாற்றுச் சக்கரம் இரண்டு. கூடாரம், கயிறு, முளைக்குச்சி. எரிவாயு அடுப்பு. ஈ மொய்க்காமல் இருக்க முகவலை ஆளுக்கு ஒன்று. கல்யாண வீட்டு மளிகைப் பட்டியல்கூட அவ்வளவு நீளம் இருக்காது. "எங்கேம்மா போறோம்?" என்றேன். "உள்நாட்டுக்குப்பா. கூபர் பீடி, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், அப்புறம் உலுரு. பன்னிரண்டு நாள்" என்றாள். "யார் வீட்டில் தங்கறோம்?" என்றேன். மாப்பிள்ளை சிரித்துவிட்டார்.

கேள்வியில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. போன பிறகு புரிந்தது. அங்கே வீடே இல்லை. போர்ட் அகஸ்டா என்ற ஊரிலிருந்து வடகோடியில் டார்வின் வரை ஒரே சாலை, 2,700 கிலோமீட்டருக்கு மேல். ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை என்று பெயர். ஒரு பெட்ரோல் பங்க்கை விட்டால் அடுத்தது 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற இடங்கள் உண்டு. கல்லணையில் புறப்பட்டு அந்தத் தூரம் போனால் பூம்புகார் தாண்டிக் கடலுக்குள் இறங்கியிருப்போம். அந்தத் தூரத்துக்குள் நமக்கு எத்தனை ஆறு, எத்தனை வாய்க்கால், எத்தனை கோயில், எத்தனை டீக்கடை! அங்கே செம்மண், புதர், வானம். அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று கவனித்தேன். பொழுது சாய்ந்ததும் மாப்பிள்ளை வண்டியை நிறுத்திவிடுவார். இருட்டில் கங்காரு குறுக்கே பாயும், மோதினால் வண்டி அப்பளம். நிறுத்துகிற இடத்தில் கூரை போட்ட ஒரு மேடை, மேசை, நெருப்பு மூட்ட ஒரு இரும்பு வளையம், சில இடங்களில் தண்ணீர்த் தொட்டி, ஒரு கழிப்பறை. கேட்க ஆள் இல்லை, காசு இல்லை. முன்பின் தெரியாத நாலைந்து குடும்பங்கள் பக்கத்தில் பக்கத்தில் கூடாரம் அடிக்கும். ஒருவர் அடுப்பில் இன்னொருவர் தேநீர் போடுவார். என் பேரன் ஒரு கிழவரிடம் போய் உட்கார்ந்து நட்சத்திரம் கேட்டுக்கொண்டிருந்தான். அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆளே இல்லாத பூமியில் வழிப்போக்கன் ராத்தங்க இடம் வைத்திருக்கிறார்கள். ஒரு சாண் நிலம் சும்மா கிடக்காத நம் தஞ்சாவூர்ச் சீமையில், இன்று ஒரு குடும்பம் பாயை விரித்து ஓர் இரவு படுக்க எங்கே போகும்?

ஒரு காலத்தில் அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இருந்தது. அந்தப் பதிலைப் பற்றித்தான் பேச வந்தேன்.

காவிரிக் கரையில் குடும்பமாய்ப் பயணம் போனவர்களில் நமக்குத் தெரிந்த பழைய ஜோடி கோவலனும் கண்ணகியும். சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையை ஒரு சோக நாடகத்தின் முன்னுரையாகவே படித்துப் பழகிவிட்டோம். அதை ஒருமுறை வழிப்பயணக் குறிப்பாகப் படித்துப் பாருங்கள். விடியுமுன் புகாரை விட்டுக் கிளம்புகிறார்கள். காவிரியின் கரையோடு மேற்கே ஒரு காவதம், அதாவது ஒரு காதம். அதற்குள் கண்ணகிக்குக் கால் நோகிறது, மூச்சு வாங்குகிறது. மதுரை எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள். காரில் பின்சீட்டில் உட்கார்ந்த எல்லாப் பிள்ளையும் கேட்கிற கேள்வி! கோவலன் சொல்கிற விடையில் ஒரு சூது இருக்கிறது. ஆறையும் ஐந்தையும் சேர்த்து ஒரு தொடராகச் சொல்கிறான். பெருக்கினால் முப்பது காதம். களைத்த காதில் ஆறோ ஐந்தோ என்று விழும். பக்கத்தில்தான் என்று சொல்லிச் சிரித்தும் வைக்கிறான். உரைகாரர்கள் இதை ரசித்துப் பேசுவார்கள். நான் ஒரு தகப்பனாகப் பேசுகிறேன்: ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு 600 கிலோமீட்டர் இருக்கும்போது என் மாப்பிள்ளையும் பேரனிடம் இதே கணக்கைத்தான் போட்டார்.

கவுந்தியடிகள் துணைக்கு வருகிறார். கிளம்புமுன் வழியின் ஆபத்துகளைச் சொல்கிறார். என்ன ஆபத்து? புலியா, கள்வனா? தோப்பு வழியே போனால் கிழங்கு தோண்டிய குழிமேல் செண்பகப் பூ உதிர்ந்து மூடியிருக்கும், கால் இடறும். குழிக்குப் பயந்து குனிந்தே நடந்தால் பலாப்பழம் தலையில் முட்டும். வயல் வழியே போனால் களை பறித்தவர்கள் வரப்பில் எறிந்த பூவில் வண்டு கிடக்கும், தெரியாமல் மிதித்துவிடுவாய். வாய்க்கால் கரையில் நண்டும் நத்தையும் கிடக்கும், அதையும் மிதித்துவிடுவாய். சமணத் துறவி அல்லவா, பாதத்துக்கு வரும் தீங்கைவிட பாதத்தால் வரும் தீங்கில்தான் அவருக்குக் கவலை. இது அப்படியே நம் டெல்டா. இன்றைக்கும் நடவு முடிந்த வயல் வரப்பில் இறங்கி நடந்து பாருங்கள், நண்டை மிதிக்காமல் பத்தடி போக முடியாது. பாலைவனத்தில் ஒன்றுமில்லாததால் ஆபத்து. இங்கே எல்லாம் இருப்பதால் ஆபத்து.

அந்தக் காதையில் இன்னொன்று. மூவரும் நாளைக்கு ஒரு காவதத்துக்கு மேல் நடக்கவில்லை, இடையிடையே பல நாள் தங்கித் தங்கிப் போனார்கள் என்று இளங்கோ சொல்கிறார். மதுரையில் காத்திருப்பது என்ன என்று நமக்குத் தெரியும். அதனால் அந்தத் தங்கலில் எனக்கு எப்போதும் ஒரு பொறாமை உண்டு. அவர்கள் மூவரும் நிம்மதியாக இருந்தது வழியில்தான்.

மனிதர்களை விடுங்கள். நம் ஊரில் சாமியே குடும்பத்தோடு ஊர்சுற்றப் போகிறது. திருவையாற்று ஏழூர்த் திருவிழாவைச் சொல்கிறேன். பங்குனிப் புனர்பூசத்தில் கொள்ளிடத்துக்கு வடக்கே திருமழபாடியில் நந்திக்கும் சுயசைக்கும் கல்யாணம். ஐயாறப்பருக்கு நந்தி வளர்ப்புப் பிள்ளை மாதிரி. கல்யாணம் முடிந்தால் நாம் என்ன செய்வோம்? மாப்பிள்ளை பெண்ணை அழைத்துக்கொண்டு உறவுக்காரர் வீடெல்லாம் போவோம். சித்திரையில் ஐயாறப்பரும் அம்மனும் பல்லக்கு ஏறி, புதுமணத் தம்பதியையும் கூட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, திருநெய்த்தானம் என்கிற தில்லைஸ்தானம். ஒவ்வொரு ஊர்ச் சாமியும் எதிர்கொண்டு வந்து, மரியாதை செய்து, தானும் ஒரு பல்லக்கில் கூடவே சேர்ந்துகொள்ளும். கடைசியில் ஏழு பல்லக்கும் திருவையாறு திரும்பும்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு கல்யாணக் கணக்கும் உண்டு. பழனத்திலிருந்து பழம், சோற்றுத்துறையிலிருந்து சோறு, வேதிகுடியிலிருந்து வேதம் ஓதுகிறவர்கள், பூந்துருத்தியிலிருந்து பூ, நெய்த்தானத்திலிருந்து நெய். ஒவ்வொரு ஊரும் ஒரு பண்டம் கொண்டுவந்து கல்யாணத்தை நடத்திக் கொடுத்ததாம், அதற்கு நன்றி சொல்லத்தான் இந்தச் சுற்று. ஊர்ப் பெயரை வைத்துப் பின்னால் கட்டிய கதையாக இருக்கலாம். இருக்கட்டும். சித்திரையில் ஆற்றில் தண்ணீர் இருக்காது. சுடுமணலில் பல்லக்கைத் தோளில் சுமந்து இறங்குவார்கள். பின்னால் கைக்குழந்தையோடு குடும்பங்கள். மணலைக் கையால் இரண்டு முழம் பறித்தால் ஊற்று சுரக்கும், தெளியவிட்டு சொம்பில் மொண்டு குடிப்பார்கள். 80 லிட்டர் தண்ணீரைச் சுமக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. ஆறு வற்றினாலும் அடியில் வைத்திருந்தது. இப்போது அந்த மணலும் பல இடங்களில் இல்லை. அதைப் பேச ஆரம்பித்தால் இன்றைய கூட்டம் முடியாது.

சரி, ராத்தங்கலுக்கு வருவோம். சாமிக்கு மண்டபம் இருக்கிறது. ஆசாமிக்கு?

ஆசாமிக்குச் சத்திரம் இருந்தது. தஞ்சை மராத்திய அரசர்கள் ராமேசுவரம் போகும் சாலையெல்லாம் சத்திரம் கட்டினார்கள். வடக்கே காசியிலிருந்து சேதுவுக்கு நடக்கிறவர்கள் நம் சீமையைக் கடந்துதான் போக வேண்டும். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம். ஒரத்தநாட்டில் 1802-இல் கட்டிய முக்தாம்பாள் சத்திரம். மணமேல்குடியில் திரௌபதாம்பாள் சத்திரம். பெயர்களைக் கவனித்தீர்களா? எல்லாம் பெண்கள். அரசனின் மனைவியர், துணைவியர். கோட்டையைத் தாண்டி வெளியே வராத பெண்களின் பெயரில் ஊர் ஊராய் அடுப்பு எரிந்தது. முக்தாம்பாள் இரண்டாம் சரபோஜியின் துணைவி. ஒரத்தநாட்டு ஊர்ப்பெயரையே ரொம்ப நாள் முக்தாம்பாள்சத்திரம் என்று எழுதினார்கள்.

1799-இல் ஆட்சி முழுவதும் கம்பெனிக்குப் போய்விட்டது. சரபோஜியிடம் மிஞ்சியது கோட்டையும் படிப்பணமும். அந்த நிலையில் 1801 ஜனவரி 28 அன்று, ரெசிடென்ட் பெஞ்சமின் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். சத்திரங்களில் மட்டும் கை வைக்காதீர்கள் என்பதுதான் சாரம். அங்கே என்ன நடக்கிறது என்று விவரமாகச் சொல்கிறார். பிராமணர் முதல் பறையர் வரை எந்தச் சாதி வழிப்போக்கருக்கும், எந்தத் தேசத்து யாத்திரிகருக்கும் சோறு. சமைத்த சோறு சாப்பிடாதவர்களுக்கு அரிசியும் சாமான்களும். நடுராத்திரியில் ஒரு மணி அடிப்பார்கள், இன்னும் சாப்பிடாதவர்கள் இருந்தால் வரலாம் என்று. நோயாளிக்கு வைத்தியர். வழியில் பிரசவித்த பெண்ணுக்குக் கவனிப்பு. அநாதைப் பிள்ளைக்குப் படிப்பு. இறந்துபோனால் அவரவர் வழக்கப்படி அடக்கம். நாட்டைக் கொடுத்துவிட்ட அரசன் அடுப்பை விடமாட்டேன் என்று கேட்கிற கடிதம் அது. சரபோஜி என்றால் சரஸ்வதி மகால், புத்தகம், ஓலைச்சுவடி என்று பேசுகிறோம். எனக்கு அந்த நடுராத்திரி மணிதான் பெரிதாகத் தெரிகிறது. கடைசி ஆளும் சாப்பிட்டானா என்று கேட்டுவிட்டு அடுப்பை அணைக்கிற அரசாங்கம்!

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் சோறு என்பது சரி, எல்லாரும் ஒரே பந்தியில் என்பது அதில் இல்லை. யாருக்கு உள்கட்டு, யாருக்குத் திண்ணை, யாருக்குத் திண்ணைக்கும் வெளியே என்ற கணக்கு அந்தத் தர்மத்தோடு சேர்ந்தே இருந்தது. சத்திரத்துப் பணத்தில் நடந்த கல்வியும் வெகுகாலம் வடமொழிக்கும் ஒரு சாதிப் பிள்ளைகளுக்குமே போயிற்று. 1920-களில் ஏ.டி. பன்னீர்செல்வம் தஞ்சை மாவட்டக் கழகத் தலைவராக வந்த பிறகுதான் ஒரத்தநாட்டிலும் திருவையாற்றிலும் தமிழுக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்தது. அதைச் சொல்லாமல் சத்திரத்தைப் புகழ்ந்தால் பாதிக் கதை.

சத்திரம் ஏன் ஓய்ந்தது? கம்பெனி மூடவில்லை. ரயில் மூடியது. 1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து தண்டவாளம் திருவாரூர் வந்தது, அந்த வருஷக் கடைசியில் தஞ்சாவூர், 1862-இல் திருச்சிராப்பள்ளி. ஒரு வேடிக்கை பாருங்கள்: அதே 1861 கடைசியில்தான் ஜான் மெக்டவல் ஸ்டூவர்ட் அடிலெய்டிலிருந்து குதிரையில் கிளம்பினார். 1862 ஜூலையில் ஆஸ்திரேலியாவைக் குறுக்கே கடந்து வடகடலைத் தொட்டார். நான் போன சாலைக்கு அவர் பெயர்தான். அங்கே முதல் வழி போட்டுக்கொண்டிருந்தபோது இங்கே பழைய வழி அழிந்துகொண்டிருந்தது. அந்தப் பாலையில் வழியை நிலைக்க வைத்ததும் நம் பக்கத்து ஆட்கள்தாம். 1860-இல் கராச்சியிலிருந்து 24 ஒட்டகம் கப்பலேறிப் போயிற்று. பிறகு பஞ்சாப், சிந்து, பலூசிஸ்தான் ஒட்டகக்காரர்கள் நூற்றுக்கணக்கில் போனார்கள். எல்லாரையும் சேர்த்து ஆப்கானியர் என்று வெள்ளைக்காரன் பெயர் வைத்தான். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போகிற ரயிலுக்கு இன்றும் அவர்கள் பெயரைச் சுருக்கி 'கான்' என்று வைத்திருக்கிறார்கள்.

1914-இல் பாம்பன் பாலம். அதோடு சேதுவுக்கு நடக்கிறவர்கள் குறைந்தார்கள். சத்திரத்து நிலங்கள் இருந்தன, நிர்வாகம் இருந்தது, இன்றைக்கும் ஆட்சியர் அலுவலகத்தில் அதற்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. வழிப்போக்கர்தான் இல்லை.

ஆனால் உள்ளூர்க் குடும்பங்கள் அதற்குப் பிறகும் ஐம்பது அறுபது வருஷம் வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். அதில் ஒன்று எங்களுடையது. 1962, ஐப்பசிக் கடைசி. எனக்கு எட்டு வயது. மன்னார்குடிக்குக் கிழக்கே எங்கள் ஊர். மாயவரத்தில் ஐப்பசியின் கடைசி நாளான கடைமுகத்தன்று காவிரியில் முழுக வேண்டும் என்று அப்பாயிக்கு நேர்த்தி. ரயில் இருந்தது, பஸ் இருந்தது. அப்பாயிக்கு இரண்டும் ஆகாது. "ஏறுன எடமும் எறங்குன எடமுந்தான் இருக்கு. நடுவுல ஊரே இல்லாம அது என்ன பயணம்?" என்பார்.

கூண்டு வண்டி. மூங்கில் பிளாச்சு வளைத்துப் பாய் போர்த்திய கூண்டு. உள்ளே ஒரு முழ உயரத்துக்கு வைக்கோல், அதன்மேல் ஜமுக்காளம். வைக்கோல் மெத்தையும் ஆகும், வழியில் மாட்டுக்குத் தீனியும் ஆகும். போகப் போக மெத்தை மெலிந்துகொண்டே வரும், வீடு திரும்பும்போது பலகை முதுகில் குத்தும். அச்சுக்குக் கீழே அரிக்கேன் விளக்கு, பக்கத்தில் மூங்கில் குழாயில் வண்டி மை. வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்தது. மாடு உம்பளச்சேரி. தலைஞாயிறுப் பக்கத்து ஜாதி, எங்களுக்கு அது தெற்கத்தி மாடு. குட்டை, கால் உறுதி, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. கொம்பைக் கன்றிலேயே தீய்த்துவிடுவார்கள். சேற்றில் நடக்கவென்றே பிறந்தது. ஆஸ்திரேலியாவில் என் மாப்பிள்ளை நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்று பெருமையாகச் சொன்னார். எங்களிடம் எட்டுக் காலும் இழுத்தன.

சாப்பாடு விஷயத்தில் அப்பாயியின் ஞானத்தை நான் இன்னும் எங்கும் பார்க்கவில்லை. புளிச்சோற்றில் நல்லெண்ணெய் மிதக்க வேண்டும், அப்படியானால் மூன்று நாள் தாங்கும். முதல் நாளுக்குத் தயிர்ச்சோறு. ஆனால் தயிர் ஊற்றிப் பிசையக் கூடாது, மத்தியானத்துக்குள் புளித்துவிடும். குழையக் குழையப் பால் ஊற்றிப் பிசைந்து ஒரு கரண்டி தயிர் விட்டு மூடிவிட்டால், வண்டி குலுங்கக் குலுங்க உள்ளேயே உறைந்து, பசிக்கிற நேரத்துக்குச் சரியாகத் தயிர்ச்சோறாகும். நார்த்தங்காய் ஊறுகாய். வாழையிலை எல்லா ஊரிலும் கிடைக்கும். அடுப்பு எடுத்துப் போவதில்லை, மூன்று கல் எங்கும் கிடைக்கும். அப்பாயியின் பட்டியலில் பண்டம் குறைவு, ஊர்ப்பெயர் அதிகம். இந்த ஊரில் இன்னார் வீட்டுக் கிணறு, அந்த ஊரில் புளியமரத்தடி, அடுத்ததில் தண்ணீர்ப் பந்தல். கிளம்பும்போது தாத்தா கேட்ட ஒரே கேள்வி: "எந்த ஊர்ல ராத்தங்கல்?"

முதல் ராத்திரி நீடாமங்கலம். வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற இடம், மூணாறு தலைப்பில் ஐப்பசித் தண்ணீர் இரைகிற சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. சத்திரத்தில் சோறு போட்ட காலம் முன்பே முடிந்துவிட்டது. திண்ணை இருந்தது. எங்களைப் போல இன்னும் இரண்டு வண்டிக் குடும்பம். யார் எவர் என்று கேட்டு ஐந்து நிமிஷத்தில் ஏதோ ஒரு வழியில் உறவு கண்டுபிடித்துவிட்டார்கள். வீட்டில் மாமியாருக்கும் நாத்தனாருக்கும் நடுவில் சத்தமில்லாமல் இருக்கிற என் அம்மா, அந்தத் திண்ணையில் வாய்விட்டுச் சிரித்ததை முதல் தடவை கேட்டேன்.

எங்கள் வண்டிக்காரர் மட்டும் வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்தார். மழைச் சாரல். 1952-லேயே தஞ்சாவூருக்குப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. திண்ணைக்குச் சட்டம் வரவில்லை. "அவர் ஏன் மேல வரல?" என்று நான் கேட்டதும், "மாட்டைப் பாத்துக்கணும்ல" என்று அப்பா சொன்னதும் நினைவிருக்கிறது. மாடு கட்டுத்தறியில் நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் குடவாசல் தாண்டிச் சேறு. வண்டி அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. எல்லாரும் இறங்கி, பாதி ஊரும் கூடித் தள்ளியதில் வண்டி மேலே வந்தது, ஆரக்கால் இரண்டு முறிந்து வந்தது. "மழையில எங்க போறீய? அவுத்து விடுங்க மாட்ட" என்று ஒரு வீட்டுக்காரர் கொட்டகையை ஒழித்துக் கொடுத்தார். அவருக்கும் எங்களுக்கும் எந்த உறவும் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்பாயி ரொம்ப முயன்றார்.

மறுநாள் முழுக்க ஆசாரி வேலை. சக்கரத்தின் இரும்புப் பட்டையைத் தட்டிக் கழற்றி, வட்டையைப் பிரித்து, கருவேலங்கட்டையில் புது ஆரக்கால் செதுக்கிக் குடத்தில் இறக்கினார். கீற்றுக் கொட்டகையில் வறட்டியை வட்டமாக அடுக்கிப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, நாலு பேர் இடுக்கியால் தூக்கிச் சக்கரத்தில் மாட்டினார்கள். மேலே தண்ணீரை ஊற்றினால் இரும்பு சுருங்கி மரத்தைக் கவ்வும். அந்தச் சத்தமும் ஆவியும்! உலுருவில் சூரியன் மறைவதைப் பார்க்க நூறு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அழகுதான். ஆனால் என் எட்டு வயதுக்கு அந்தச் சக்கரம்தான் பெரிது.

அந்த வீட்டில் இரண்டு ராத்திரி. கடைமுகம் தவறிவிட்டது. அப்பாயி ஒன்றும் பேசவில்லை.

இடையில் ஒரு வார்த்தை. காரில் காவிரியைத் தொடர்ந்து போனவர்களும் நம்மில் உண்டு. சிட்டியும் தி. ஜானகிராமனும் காவிரி பிறக்கிற இடத்திலிருந்து கடல் வரை போய் எழுதிய 'நடந்தாய் வாழி, காவேரி' 1971-இல் வந்தது. ஜானகிராமன் மன்னார்குடிப் பக்கத்துத் தேவங்குடியில் பிறந்தவர். வீட்டில் அந்தப் புத்தகம் இல்லாதவர்கள் வாங்கிப் படியுங்கள். அதில் கார் ஒரு வாகனம்தான். நின்று பேசிய இடங்கள்தான் புத்தகம்.

இன்று? நவக்கிரகக் கோயில் ஒன்பதையும் ஒரே நாளில் முடித்துக் கொடுக்கிற வேன் இருக்கிறது. விடிகாலை கும்பகோணத்தில் ஏறினால் ராத்திரி கும்பகோணத்தில் இறக்கிவிடுவார்கள். என் அப்பாயி கேட்டால் சனீஸ்வரனே ஓடுகிறானா என்பார். குடும்பத்தோடு வழியில் சமைத்துச் சாப்பிட்டு ராத்தங்க நினைத்தால், நிறுத்த நிழல் இல்லை, சாலையை அகலப்படுத்தப் புளியமரங்கள் போயின. பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. அறை எடு, அடையாள அட்டை காட்டு, பன்னிரண்டு மணிக்குக் காலி செய். பணம் இல்லாதவன் ராத்தங்கக் கூடாது என்பதுதான் இன்றைய வழி.

இதற்கு அடங்காதவர்கள் இருக்கிறார்கள். ஆகஸ்ட் கடைசியில் தஞ்சாவூர்ச் சாலையில் நின்று பாருங்கள். 29-ஆம் தேதி வேளாங்கண்ணியில் கொடி ஏறும், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள். காவி உடுத்தி வெறுங்காலோடு குடும்பம் குடும்பமாக வருவார்கள். முன்னால் விளக்குப் போட்ட சின்னத் தேர், பின்னால் அண்டாவும் அரிசியும் ஏற்றிய குட்டி யானை வண்டி. பூட்டிய கடை வாசலில், பேருந்து நிழற்குடையில், பள்ளிக்கூட வராந்தாவில் படுக்கிறார்கள். கிறிஸ்தவர்கள் மட்டும் இல்லை. நம் ஊர்க்காரர்களும் மோர்ப் பானையோடு சாலையில் நிற்கிறார்கள், சிலர் வெந்நீர் வைத்துக் கால் பிடித்துவிடுகிறார்கள். சரபோஜியின் மணி எங்கேயோ இன்னும் அடிக்கிறது. அதற்குக் கட்டடம்தான் இல்லை. ஆற்றுக்கு ஒன்றாக ஒரு கூரை, ஒரு குழாய், ஒரு கழிப்பறை, மூன்று கல் வைக்க இடம். இவ்வளவுதான் நான் கேட்பது. சத்திரத்து நிலங்களின் குத்தகைப் பணம் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

எங்கள் வண்டியைச் சேற்றுக்கு அப்பால் விட்டுவிட்டேன், அதை முடித்துவிடுகிறேன்.

மாயவரம் போய்ச் சேர்ந்தபோது கார்த்திகை முதல் தேதி. துலாக்கட்டத்தில் முந்தின நாள் கூட்டம் வடிந்து, வாழைப்பழத் தோலும் பூவும் மிதந்துகொண்டிருந்தன. அப்பாயியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. படித்துறையில் இருந்த ஒரு பெரியவர்தான், "ஏன் ஆத்தா கலங்குற? இன்னிக்கு முடவன் முழுக்கு" என்றார். ஐப்பசி முழுக்க நடந்து நடந்து ஒரு முடவன் ஒருநாள் தாமதமாக வந்து சேர்ந்தானாம். மாயூரநாதர் அவனுக்காக அந்தப் புண்ணியத்தை ஒருநாள் நீட்டிக் கொடுத்தாராம். அப்பாயிக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. அலுப்பில் மறந்துவிட்டார்.

முழுகி எழுந்து ஈரப் புடவையோடு திரும்பிப் பார்த்தார். வண்டிக்காரர் கொஞ்சம் கீழே தள்ளி மாடுகளை இறக்கித் தேய்த்துக்கொண்டிருந்தார். "நீயும் ஒரு முழுக்கு போட்டுடேன், சேத்துல நீதானே எறங்குன" என்றார் அப்பாயி. அவர் முதலில் இரண்டு மாட்டையும் கழுத்தளவு நீரில் நிறுத்தி, முதுகில் தண்ணீர் வாரி ஊற்றிவிட்டு, அதன் பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுகினார். கரையேறியதும் அப்பாயி தூக்கிலிருந்த கடைசிப் புளிச்சோற்றை இலையில் வைத்துக் கொடுத்தார். படித்துறையின் மேல்படியில் உட்கார்ந்து சாப்பிட்டார். நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, ஊருக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். "கிட்டத்தான் தம்பி" என்றார்.